கால்நடை கேள்வி பதில்: கோழிக்கு இடும் கோலின் மாட்டுக்கும் ஆகுமா?

கன்று ஈன்ற கறவை மாடுகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்வதைப் பற்றியும், அதற்குக் கொடுக்கப்படும் கோலின் என்னும் ஊட்டப்பொருளைப் பற்றியும் இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றுக்கொன்று தொடர்புடைய ஐந்து கடிதங்களுக்கு இங்கே சேர்த்து விடை எழுதுகிறேன்.

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணையோடு நான்கு ஜெர்சி கலப்பினப் பசுக்களும் வளர்க்கிறேன். சென்ற ஈற்றில் ஒரு பசு, கன்று ஈன்ற பத்தாம் நாள் அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. இரண்டே வாரத்தில் எலும்பு தெரிய இளைத்துப் பாலும் குறைந்தது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றும், அடுத்த சினையின் கடைசி வாரங்களில் கோலின் கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். கோழித் தீவனத்தில் கலக்கும் கோலின் குளோரைடு தூள் என்னிடம் மூட்டையாகவே இருக்கிறது. மாட்டுக்கென்று விற்பதன் விலை பல மடங்கு. இதையே மாட்டுக்கும் கொடுக்கலாமா?
(வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: கொடுத்தால் பயன் கிடைக்காது. இரண்டிலும் இருப்பது ஒரே கோலின் குளோரைடுதான் என்பதால் உங்கள் கேள்வி நியாயமானது. வேறுபாடு மருந்தில் இல்லை, அதை உண்ணும் உயிரின் வயிற்றில் இருக்கிறது.

கோழி தின்னும் கோலின் நேராகக் குடலுக்குப் போய் இரத்தத்தில் சேர்கிறது. மாடு தின்னும் எதுவும் முதலில் பெருவயிற்றில் தங்கி, அங்கே கோடிக்கணக்காக வாழும் நுண்ணுயிர்களிடம் அகப்பட்ட பிறகே குடலை எட்டுகிறது. அந்த நுண்ணுயிர்கள் கோலினை டிரைமெத்தில் அமின் என்ற பொருளாகச் சிதைத்து, அதிலிருந்து மீத்தேன் வாயுவையும் உண்டாக்கிவிடுகின்றன. கறவை மாடுகளுக்கு நாளொன்றுக்கு 300 கிராமுக்கு மேல் சாதாரண கோலினைக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் சிறுகுடலை எட்டியது மிகச் சில கிராம்தான். புண்ணாக்கிலும் பயறுகளிலும் இயற்கையாக உள்ள கோலினுக்கும் இதே கதிதான் நேர்கிறது. மாட்டுக்கென விற்கப்படும் கோலின் ஒவ்வொரு துகளும் கொழுப்புப் பூச்சால் மூடப்பட்டு, பெருவயிற்றில் கரையாமல் சிறுகுடலில் விடுபடும்படி செய்யப்பட்டது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் அந்தப் பூச்சுக்கான விலை. ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்பட்ட அளவு, 25 விழுக்காடு கோலின் குளோரைடு கொண்ட பூச்சிட்ட தயாரிப்பில் நாளுக்கு 60 கிராம், அதாவது 15 கிராம் கோலின் குளோரைடு. கோழிக்கான 60 விழுக்காட்டுத் தூளில் 25 கிராம் எடுத்தால் காகிதத்தில் அதே 15 கிராம் வரும். கல்லீரலுக்குப் போய்ச் சேர்வதோ ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இந்தக் கோலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எப்போது கொடுக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே விளங்கும். கோழியின் கல்லீரல் தீவன மாவுச்சத்திலிருந்து தானே கொழுப்பைத் தயாரிக்கிறது. முட்டைக்கோழிகளில் கல்லீரல் கொழுத்து இரத்தம் கசிந்து இறப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாட்டின் கல்லீரல் அப்படிக் கொழுப்பைத் தயாரிப்பது மிகக் குறைவு. மாட்டில் அந்த வேலையைத் தோலுக்கடியிலும் வயிற்றினுள்ளும் உள்ள கொழுப்புத் திசுவே செய்கிறது. கன்று ஈன்றவுடன் பால் சுரப்பு வேகமாக ஏறுகிறது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் தேவைப்படுகிறது. ஆனால் தீவனம் தின்னும் அளவு அந்த வேகத்தில் ஏறுவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகிறது. இரத்தத்தில் எவ்வளவு வருகிறதோ அதற்கேற்பக் கல்லீரல் அவற்றை உள்வாங்கிக்கொள்கிறது. வாங்க மாட்டேன் என்று மறுக்கும் வழி அதற்கு இல்லை.

உள்ளே வந்த கொழுப்பு அமிலத்தில் ஒரு பகுதி முழுமையாக எரிந்து ஆற்றலாகிறது. ஒரு பகுதி பாதி எரிந்து கீட்டோன்களாக இரத்தத்தில் சேர்கிறது. அது மிகுந்தால் கீட்டோசிஸ். எஞ்சியது மீண்டும் கொழுப்பாக மாறிக் கல்லீரலிலேயே தங்குகிறது. தங்கியதை வெளியேற்ற ஒரே வழி, அதைப் புரதத்தோடு சேர்த்து வி.எல்.டி.எல். என்னும் பொதிகளாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புவதுதான். அந்தப் பொதியைச் சுற்றும் சாக்கு, பாஸ்ஃபடிடைல் கோலின் என்ற பொருளால் ஆனது; சாக்குக்கு நூல் கோலின். அசைபோடும் விலங்குகளின் கல்லீரல் இயல்பாகவே இந்தப் பொதிகளை மெதுவாகத்தான் கட்டி அனுப்பும். நூலும் பற்றாமல் போனால் சரக்கு உள்ளேயே குவிகிறது. குடல் வழியாகக் கோலின் கிடைக்காத மாட்டின் கல்லீரல், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் உதவியோடு பாஸ்ஃபடிடைல் கோலினைத் தானே தயாரித்துச் சமாளிக்கிறது. ஆனால் பால் புரதத்துக்கும் மெத்தியோனின் தேவைப்படும் ஈற்றுக் காலத்தில் அந்தச் சமாளிப்பும் தளர்ந்துவிடுகிறது.

இந்தச் செய்தி தெரியவந்த வழியும் நினைவில் கொள்ளத்தக்கது. கணையம் நீக்கப்பட்ட நாய்களை இன்சுலின் கொடுத்து உயிரோடு வைத்திருந்தபோதும் அவற்றின் கல்லீரல் கொழுத்துப்போவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைக் கொடுத்தால் அது குறைந்தது. லெசித்தினில் உள்ள கோலினே அதற்குக் காரணம் என்று, இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்டும் உடன் ஆய்ந்தவர்களும் டொரண்டோவில் 1932இல் காட்டினார்கள். பெருவயிற்றைத் தாண்டும் வடிவில் அது மாட்டுத் தொழுவத்துக்கு வந்து சேர அதன்பின் பல பத்தாண்டுகள் ஆயின.

உங்கள் கோழித் தூளைப் பற்றி இன்னொரு சொல்: அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், தாது உப்புக் கலவையோடும் வைட்டமின்களோடும் ஒரே டப்பாவில் சேர்த்து வைத்தால் வைட்டமின்களின் வீரியத்தையும் கெடுக்கும். தனியே, மூடி வையுங்கள், கோழிகளுக்கே பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் பசுவின் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி உயர்ந்திருப்பதாகவும், கல்லீரல் அழற்சி இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். மருத்துவரோ கொழுப்பு என்கிறார். இரண்டும் ஒன்றா? கோலின் கொடுத்தால் அழற்சியும் தணியுமா?
(வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஒன்று மற்றதை வளர்க்கும். கல்லீரல் செல்லுக்குள் அளவுக்கு மீறி வந்த கொழுப்பு அமிலங்களை எரிக்கும்போது தீங்கான ஆக்சிஜன் வடிவங்கள் பெருகிச் செல்லின் உறுப்புகளைத் தாக்குகின்றன. அத்தாக்குதலே அழற்சிக்கான சமிக்ஞைகளை எழுப்புகிறது. இது கொழுப்பிலிருந்து அழற்சிக்குப் போகும் வழி. எதிர்த்திசையும் உண்டு என்பதை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சித் தூதுப் பொருளைக் கறவைக் காலத்தின் கடைசியில் இருந்த ஹோல்ஸ்டீன் பசுக்களுக்கு ஏழு நாட்கள் செலுத்தியபோது அவற்றின் கல்லீரலில் கொழுப்பு கூடியது. குளுக்கோஸ் தயாரிப்புக்கு உதவும் மரபணுக்களின் செயலும் தணிந்தது. இவை கன்று ஈன்ற நெருக்கடியில் இருந்த பசுக்கள் அல்ல என்பதுதான் இந்த ஆய்வின் முக்கியத்துவம்.

ஆகவே கல்லீரல் கொழுப்பைத் தீவனக் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. அழற்சி எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். நஞ்சுக்கொடி தங்கிக் கருப்பை அழுகியிருக்கலாம்; மடிநோய் இருக்கலாம். நம் பகுதிகளில் அடிக்கடி நான் காண்பது மூன்றாவது காரணம்: கன்று ஈன்ற மறுநாளே பால் பெருக வேண்டும் என்று அடர்தீவனத்தைத் திடீரென ஏற்றிவிடுவது. பெருவயிறு புளித்து, அங்கே மடியும் பாக்டீரியாக்களின் உடல் நச்சுகள் இரைப்பைச் சுவரைக் கடந்து முதலில் போய்ச் சேருமிடம் கல்லீரல். அடர்தீவனத்தை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அரைக்கிலோ வீதம் மட்டும் ஏற்றி, உலர்தீவனத்தைக் குறைக்காமல் இருந்தாலே இந்த வாசல் பெருமளவு அடைபடும்.

ஈரோடு மாவட்டத்திலிருந்து எழுதியிருப்பதால் இன்னொன்றையும் கேட்கிறேன்: உங்கள் மாடு வாய்க்கால் ஓரத்திலோ நீர் தேங்கிய வயலிலோ மேய்கிறதா? நத்தைகள் வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழுவும் கல்லீரலை வீங்கச் செய்து நொதிகளை உயர்த்தும். மாடு மெலிவது, கழிச்சல், தாடைக்கடியில் நீர்கோத்துத் தொங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். சாணப் பரிசோதனையில் முட்டைகளைப் பார்த்துவிடலாம். அதற்குத் தட்டைப்புழு மருந்துதான் தீர்வு, கோலின் அல்ல. ஏ.எஸ்.டி. என்ற நொதி தசை நைந்தாலும் உயரும். ஈற்றில் நெடுநேரம் படுத்துக் கிடந்த மாட்டில் அந்த ஒன்றை மட்டும் வைத்துக் கல்லீரலைக் குற்றம் சொல்ல முடியாது. ஜி.ஜி.டி. நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோலின் அழற்சியைத் தணிக்குமா என்பதற்கு நேர்மையான பதில்: மறைமுகமாக உதவக்கூடும், அழற்சிக்கான மருந்தாக அதை எண்ணக் கூடாது. கல்லீரலில் தேங்கும் கொழுப்பு குறைந்தால் அதனால் எழும் அழற்சியும் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை உண்டு. மாட்டின் செல்களை ஆய்வகத்தில் வைத்துச் செய்த சோதனைகளில் கோலின் அழற்சிச் சமிக்ஞைகளை மாற்றுவதும் தெரிகிறது. தொழுவத்தில் உள்ள பசுக்களிலோ ஹாப்டோகுளோபின் போன்ற அழற்சிக் குறியீட்டுப் புரதங்கள் எல்லா ஆய்வுகளிலும் ஒரே மாதிரி குறையவில்லை. கொழுப்பைப் பற்றியும் இப்படித்தான்: தீவனத்தைக் குறைத்துக் கல்லீரலில் கொழுப்பேற்றிய சினைப் பசுக்களில் கோலின் அந்தக் கொழுப்பைத் தெளிவாகக் குறைத்தது, வழக்கமான தீவனத்தில் கன்று ஈன்ற பசுக்களில் முடிவுகள் கலவையாக உள்ளன. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் உறுதியாகத் தெரிவது பால் கூடுவதும், தீவன உட்கொள்ளல் சற்றே உயர்வதுமாகும். விற்பனைத் துண்டுத்தாளில் படிப்பதைவிட இது அடக்கமான செய்தியாக இருக்கும். ஆனால் பணம் போடுபவர் இதைத் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும்.

கன்று ஈன்ற முதல் வாரத்தில் ஓரளவு அழற்சி ஏறக்குறைய எல்லா மாடுகளிலும் இயல்பாக இருக்கும். அதைக் கண்டு வலிநிவாரணி ஊசியை நீங்களாகப் போடச் சொல்லாதீர்கள். சில வலிநிவாரணிகள் ஈற்றையொட்டிப் போடப்பட்டால் நஞ்சுக்கொடி தங்குவதை அதிகமாக்கும். டைக்ளோஃபினாக் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதால் 2006இலேயே கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது; கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை 2023இல் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பறந்துகொண்டிருக்கும் கழுகுகளுக்காகவாவது இதை ஒவ்வொரு கால்நடை வளர்ப்பவரும் மனத்தில் வைக்க வேண்டுகிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் கல்லீரல் கோளாறு என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து புகட்டுவார்கள். கோலினுக்குப் பதிலாக அது போதாதா?
(வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: கீழாநெல்லியின் மீதுள்ள நம்பிக்கை மனிதரின் மஞ்சள் காமாலையிலிருந்து வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துச் சென்னை ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. பிறகு வேறிடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எப்படியாயினும் அது வைரஸைப் பற்றிய பேச்சு. உங்கள் மாட்டின் கல்லீரலில் வைரஸ் இல்லை, ஏற்றி அனுப்ப முடியாத கொழுப்பு இருக்கிறது. மூலிகைகளில் இந்த நோக்கில் கறவை மாடுகளில் முறையாகச் சோதிக்கப்பட்டது, பால் நெருஞ்சில் எனப்படும் செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமாரின். இத்தாலியில் ஈற்றுக்குப் பத்து நாள் முன்பிருந்து பதினைந்து நாள் பின்வரை தினம் 10 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். கீழாநெல்லியைப் பக்கத் துணையாகக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டோம் என்று தீவனம் தின்னாத மாட்டை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் தடுக்கிறேன்.

கேள்வி: ஈன்று பன்னிரண்டு நாளான பசு அடர்தீவனத்தை ஒதுக்குகிறது; வைக்கோல் மட்டும் தின்கிறது. பாலில் ஒருவிதப் பழ வாடை. கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் கொழுப்பு மட்டும் வழக்கத்தைவிட உயர்ந்து காட்டுகிறது. வெல்லக் கரைசல் புகட்டுகிறோம். உடனே கோலின் வாங்கிக் கொடுக்கட்டுமா?
(வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: அம்மா, இது கோலினுக்கான நேரம் கடந்த நிலை. நீங்கள் எழுதியிருப்பவை கீட்டோசிஸின் அறிகுறிகள். உடல் கொழுப்பு கரைந்து மடிக்கும் போவதால்தான் பாலின் கொழுப்பு அளவு உயர்ந்து காட்டுகிறது. சங்கத்தில் கூடுதல் விலை கிடைக்கிறதே என்று மகிழ வேண்டிய உயர்வு அல்ல அது. இந்தக் கடிதத்துக்கு இதழில் விடை வரும்வரை நீங்கள் காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இதே நிலையில் மாடு வைத்திருக்கும் மற்றவர்கள் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். சிறுநீரில் கீட்டோனைக் கண்டறியும் ரோத்தெரா சோதனை செய்தால் சில நிமிடங்களில் ஊதா நிற வளையம் தோன்றிக் காட்டிக்கொடுக்கும். இரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால், வெளியே அறிகுறி தெரியாவிட்டாலும் கீட்டோசிஸ் என்றே கொள்கிறோம்.

சிரை வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவதும், வாய்வழியாக புரோப்பிலீன் கிளைக்கால் நாளுக்கு 300 மில்லி வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள் கொடுப்பதும் வழக்கமான மருத்துவம். சிறிய மாட்டுக்கு அளவை மருத்துவர் குறைப்பார். புரோப்பிலீன் கிளைக்காலில் பெரும்பகுதி பெருவயிற்றிலிருந்து அப்படியே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலில் குளுக்கோஸாகிறது. வெல்லம் அப்படியல்ல. கோழிக் கோலினுக்கு நேர்ந்ததே வெல்லத்துக்கும் நேர்கிறது: பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்துவிடுகின்றன, இரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்வதில்லை, அளவு மிகுந்தால் வயிறு புளித்து நிலைமை மோசமாகும். படுத்த மாட்டுக்கோ தலையைத் தூக்கிப் பிடித்தோ புகட்டும்போது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு.

மாடு தேறிய பிறகு, அடுத்த ஈற்றின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோலினின் வேலை அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முன்பு தொடங்குகிறது.

கேள்வி: பைபாஸ் கொழுப்பு ஏற்கெனவே கொடுத்து வருகிறேன். பைபாஸ் கோலினும் அதுவும் ஒன்றுதானே? தனியாக எவ்வளவு, எத்தனை நாள், எப்படிக் கொடுக்க வேண்டும்? எருமைக்கும் ஆகுமா?
(வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: பெயரில் உள்ள பைபாஸ், பெருவயிற்றைத் தாண்டுகிறது என்பதை மட்டும் குறிக்கிறது; பொருள்கள் வேறு. பைபாஸ் கொழுப்பு எரிபொருள். கோலின் எரிபொருளே அல்ல, கொழுப்பை ஏற்றி அனுப்ப உதவும் பொருள். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

கோலினை ஈற்றுக்கு 21 நாள் முன்பு தொடங்கி 21 நாள் பின்வரை கொடுப்பதே ஆய்வுகளில் நிலைபெற்ற முறை. மேலே சொன்ன 60 கிராம் அளவு, 600 கிலோவுக்கு மேற்பட்ட ஹோல்ஸ்டீன் பசுக்களில் சோதிக்கப்பட்டது. நம் கலப்பினப் பசுக்கள் பலவும் 350 முதல் 400 கிலோ எடைதான் என்பதால், எடையையும் பால் அளவையும் காட்டி மருத்துவரிடம் அளவைக் கேட்டுப் பெறுங்கள். பூச்சிட்ட தயாரிப்புகளில் கோலின் விழுக்காடும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எருமைகளுக்கும் பெருவயிற்றின் இயல்பு இதுவே ஆகையால் பூச்சிட்ட வடிவம்தான் வேண்டும். நாளுக்கு ஆறேழு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்தச் செலவை நான் பரிந்துரைப்பதில்லை. நிறையக் கறக்கும் மாடுகளும், சென்ற ஈற்றில் கீட்டோசிஸ் கண்டவையும், வற்றுக்காலத்தில் கொழுத்துவிட்டவையும்தான் இதனால் பயனடைய வாய்ப்புள்ளவை.

கொழுத்த மாடு என்பதைக் கண்ணால் அல்ல, கையால் பாருங்கள். மாட்டின் உடற்கொழுப்பை மதிப்பிடும் ஐந்து மதிப்பெண் அளவுகோலில் ஈற்றின்போது 3 முதல் 3.5 இருக்க வேண்டும். வாலடியின் இருபுறக் குழியும் கொழுப்பால் நிரம்பி, அழுத்தினாலும் எலும்பு தட்டுப்படாவிட்டால் 4ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட மாடு ஈன்றபின் குறைவாகத் தின்று, அதிகக் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் கொட்டும். அதற்காகச் சினையின் கடைசி மாதத்தில் பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள். கல்லீரலில் கொழுப்பேற்ற அதைவிட விரைவான வழி இல்லை. கறவையின் பிற்பகுதியிலேயே தீவனத்தை அளந்து கொடுத்து உடலைச் சரி செய்ய வேண்டும்.

கொடுக்கும் முறையில் ஒரு தவறு நம்மிடையே பரவலாக உள்ளது. தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் கழுநீரில் ஊறவைத்து, அதிலேயே மருந்துத் தூளையும் கரைத்துவிடுகிறோம். கோலின் துகளை ஊறவைத்தாலும், கொதிக்கும் கூழில் போட்டாலும், இடித்துப் பொடித்தாலும் பூச்சு உடைந்து, பிறகு அது கோழித் தூளாகவே ஆகிவிடும். காலையில் ஒரு கைப்பிடி உலர்ந்த அடர்தீவனத்தில் அந்த நாளுக்குரிய கோலினைக் கலந்து முதலில் அதைத் தின்னவிடுங்கள். தொட்டி காலியானதைப் பார்த்த பிறகு ஊறவைத்த தீவனத்தை வையுங்கள்.